அட்டை பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

என்னங்க,

இன்று காலை மதுரையிலிருந்து பார்சலில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்தது. பழைய கார்டு போன வாரம் உயிரை விட்டதால் புதிதாக ஒன்று சொல்லிவிட்டிருந்தேன். மேல் உறையைப் பிளேடால் கிழித்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது, வார்னிஷ் இன்னும் முழுசாகக் காயாத அட்டையின் வாசனை. தெருவுக்குத் தெரு அச்சகம் இருக்கிற திருத்தங்கலில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரிந்த வாசனை அது. பெட்டியின் மேலே கையில் வாளோடு ஒரு பெண், அவள் பின்னால் தீ, அதற்கு மேல் தங்க நிறத்தில் எழுத்து. திறந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கார்டு, சுற்றிலும் வெறும் காற்று. தலையில் அடித்துக்கொண்டு குப்பையில் போடப் போனேன், போட முடியவில்லை. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உடனே இவள் உட்கார்ந்து அழுதிருப்பாள் என்று நினைத்து அங்கே சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நீங்கள் போய் இரண்டு தீபாவளி தாண்டிவிட்டது. நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், டாக்டர் வருவதற்குள் முடித்துக்கொண்டீர்கள். வாழ்க்கையில் நீங்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் முடித்த வேலை அது ஒன்றுதான்.

அன்றைக்குத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டினார்கள். அச்சகத்தில் உங்களோடு ஒரே டிசைன் அறையில் உட்கார்ந்தவர்கள் போட்ட டிசைன்தான். மெஜந்தா ஏறிப்போய் உங்கள் முகம் தண்ணி போட்ட ஆளின் முகம் மாதிரி சிவந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் மயில். செத்த வீட்டுக்கு எதற்கு மயில் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ரெடியா கெடந்துச்சு மதினி" என்றார் ஒருவர். அந்த மயிலே நீங்கள் ஒரு சங்குசக்கரப் பட்டாசுப் பெட்டிக்காகப் போட்டதுதான். உயிரோடு இருந்திருந்தால் உங்கள் சாவு பிளக்ஸை நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். உங்கள் பழைய முதலாளியும் மாலையோடு வந்தார். "இவரு கை மாதிரி ஒரு கை இனிமே யாருக்கு வரும்" என்றார். அந்தக் கைக்கு அவர் கடைசிவரை ஒரு நல்ல மவுஸ் வாங்கிக் கொடுத்ததில்லை. வந்தவர்களில் ஒருவருக்காவது நீங்கள் வரைந்த ஒரு படத்தையாவது அடையாளம் சொல்லத் தெரிந்ததா என்றால் இல்லை. எல்லாரும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

உங்களைப் புகழ்ந்து அவர்கள் நிறையப் பேசிவிட்டதால் அந்த வேலையை நான் செய்யப்போவதில்லை. நாம் வீட்டில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டிய கதை இருக்கிறதே, அதை ஒருமுறை முழுசாக உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருந்தபோது பாதியில் எழுந்து கடைக்குப் போய்விடுவீர்கள். இப்போது அது முடியாது.

உங்களுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது நான் விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கல்யாணம் முடிந்ததும் என்னையும் அதே அச்சகத்தின் டிசைன் அறைக்குக் கூட்டிப்போய் மூலையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அங்கே எனக்குப் பெயர் 'டைப் அடிக்கிற பிள்ளை'. நான் ஒரு லேபிளை முழுக்க மாற்றிப் போட்டு வைத்திருப்பேன். முதலாளி வருவார். "செவப்பக் கூட்டும்மா" என்பார். படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர் இல்லை அவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்துவிடுவார். நான் கூட்டாமலே "கூட்டிட்டேன்" என்பேன். "இப்பத்தான் நல்லாருக்கு" என்று போய்விடுவார். இப்படிப்பட்ட ஆளுக்கு வேலை பார்ப்பதைவிடத் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கப் போகலாம் என்று உங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நான் கேட்டது பெரிய விஷயமும் இல்லை. நான் செய்ததை ஒருத்தர் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு நல்லதோ கெட்டதோ சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதுதான் எம். புதுப்பட்டியில் பட்டாசு பாக்டரி வைத்திருந்த ஒரு முதலாளி உங்களிடம் அந்த ஆர்டரைச் சொன்னார். அவர் கம்பெனியின் வெடிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி, வீடியோ எடுத்து, ஒரு சிடியில் போட்டுத் தர வேண்டும். வடக்கே இருந்து ஆர்டர் கொடுக்க வரும் வியாபாரிகளுக்கு ஸ்வீட் பெட்டியோடு அதையும் கொடுப்பாராம். படம் பிடிக்கக் கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எடிட்டிங்குக்கு மெஷின் வேண்டும். சீட்டு எடுத்த பணம் இருந்தது. பாகம் பாகமாக வாங்கி, வீட்டில் நாமே ஒன்று கட்டலாம், வீடியோவும் ஓடும், டிசைனும் போடலாம் என்றேன். சரி என்றீர்கள்.

நான் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். அச்சக முதலாளி சிரித்தார். "நாக்காலி அங்கனயேதான் கெடக்கும். எப்ப வேணாலும் வாம்மா" என்றார். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை. சிடியைச் சொன்ன நாளில் கொடுத்தால் இன்னும் பல கம்பெனிகள் வரும், நான் என் வீட்டில் என் மெஷினில் உட்காரலாம். கொடுக்காவிட்டால் திரும்ப அந்த மூலை நாற்காலி. இது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பாகங்கள் வாங்க விருதுநகருக்கு வந்தீர்கள்.

பஜாரில் ஒரு மாடிப்படி ஏறிப்போனால் அந்தக் கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் பேன்ட் பையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தார். அதுதான் அவர் படித்த படிப்பு. "அக்கா வீட்டுல கேம் விளையாடுவீகளா?" என்று என்னிடம் கேட்டார். எடிட்டிங் செய்யப்போவது நான்தான் என்றேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பி, "அண்ணே, எடிட்டிங்னா உங்களுக்கு ராம் எம்புட்டு வேணும்?" என்றார். நீங்களும் என்னவோ பிறந்ததிலிருந்து ராம் வாங்குகிறவர் மாதிரி மேலே பார்த்து யோசித்தீர்கள். நான் சொன்னேன். அதையே நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள். அவர் உங்களைப் பாராட்டினார்.

இரண்டு ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்றபோது, "ஒண்ணே பெருசா வாங்குனாப் போதாதா?" என்றீர்கள். ஒன்றில் சிஸ்டம் ஓடும்போது அதிலேயே வீடியோவையும் இறக்கினால் நடுநடுவே படம் விட்டுப்போகும், சோறும் குழம்பும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் வைக்க முடியுமா என்றேன். சமையலைச் சொன்னதும் கடைக்காரருக்கே புரிந்துவிட்டது. கேமரா டேப்பிலிருந்து வீடியோவை உள்ளே இறக்குகிற கார்டையும் நான் சொன்னபடி எடுத்தீர்கள். அதுவரை எல்லாம் சரிதான். பிறகு அவர் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மூன்று கம்பெனிப் பெட்டிகளை மேஜையில் பரப்பினார். அங்கேதான் என் தலைவிதி மாறியது.

நீங்கள் சட்டைப் பையிலிருந்து புள்ளி பார்க்கும் லென்ஸை எடுத்தீர்கள். நாலு கலரும் விலகாமல் விழுந்திருக்கிறதா என்று அச்சகத்தில் பார்ப்பீர்களே, அதே லென்ஸ். மதர்போர்டு பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தீர்கள். மடிப்பில் நகத்தை ஓட்டி, லேமினேஷன் உரிகிறதா என்று பார்த்தீர்கள். கிராபிக்ஸ் கார்டு பெட்டியை மூக்குவரை கொண்டுபோய், "ஆறு கலர் ஓட்டியிருக்கான். எழுத்து மேல மட்டும் ஸ்பாட் யூ.வி. பளபளப்பு. ஓரத்த வெட்டுன பஞ்சிங்கப் பாரு, ஒரு நூல் பிசிறு இல்ல" என்றீர்கள். உள்ளே இருக்கிற கார்டில் எவ்வளவு மெமரி என்று அதே பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. அதைப் படிக்கவில்லை. அந்த எழுத்து எந்த மசியில் அடித்தது என்று பார்த்தீர்கள்.

"என்னங்க, பொண்ணப் பாக்க வந்துட்டுப் பந்தலப் பாத்துட்டு நிக்கீக" என்றேன்.

"உனக்குத் தெரியாது. அட்டைக்கே இம்புட்டுச் செலவு பண்ணுறவன் உள்ள மோசமானத வைப்பானா?"

கேட்டீர்களா நீங்கள் பேசியதை. இதை ஒரு மதுரைக்காரர் சொல்லியிருந்தால் பாவம் தெரியாமல் சொல்கிறார் என்று விட்டிருப்பேன். சொன்னது நீங்கள். புஸ் என்று ஒரு முழம் எழுந்து அணைந்துபோகும் வாணத்துக்கு, வானமே கிழிகிற மாதிரி பெட்டி மேல் படம் போட்டவர் நீங்கள்தான். பெட்டியில் பத்து நிறம் இருக்கும், கொளுத்தினால் வெள்ளைப் புகை வரும். நம்ம ஊர் மொத்தமும் உலகத்துக்கு அட்டை அடித்துக் கொடுத்துத்தான் சோறு தின்கிறது. அட்டை எவ்வளவு பொய் சொல்லும் என்று இந்தத் தேசத்தில் யாருக்காவது தெரியும் என்றால் நமக்குத் தெரிய வேண்டும். ஆனால் பாருங்கள், சொந்தச் சரக்கில் ஏமாறுகிறவன் நம்ம ஊரில்தான் இருக்கிறான். அடுத்தவன் அட்டை நன்றாக இருந்தால் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது.

கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். வந்தது. கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற பாகம் அது. இரண்டு வைத்தார். ஒன்று பலசரக்குக் கடைச் சோப்புப் பெட்டி மாதிரி பழுப்பு அட்டையில், ஒற்றைக் கறுப்பில் கம்பெனிப் பெயர் மட்டும் அடித்தது. இன்னொன்று வெள்ளித் தாளில், மேலே மின்னல். நான் பழுப்பைக் காட்டினேன். ஸ்டுடியோவில் இருந்தது அதுதான், ராப்பகலாக ஓடும். நீங்கள் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "இவனுக்கே இவன் சரக்கு மேல நம்பிக்கை இல்ல, ஒத்தக் கலர்ல அடிச்சு வச்சிருக்கான்" என்று வெள்ளியை எடுத்துக்கொண்டீர்கள். கடைக்காரருக்கு அதில்தான் லாபம் அதிகம் போலிருக்கிறது, "அண்ணனுக்குக் கண்ணு இருக்கு" என்றார். பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே நீல விளக்கு எரிகிற ஒரு கேபினெட்டையும் அந்தக் கண்தான் தேடிப் பிடித்தது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மானிட்டர். புதிதாக வந்த மெல்லிசு மானிட்டரை எடுங்கள் என்று கடைக்காரர் தலைகீழாக நின்றார். நீங்கள் அதன் முன்னால் உட்கார்ந்து தலையை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தீர்கள். "சாஞ்சா செவப்பு மாறுது. வேண்டாம்" என்று பழைய மாதிரிக் கனத்த மானிட்டரையே எடுத்தீர்கள். அது கடைசிவரை நிறம் மாறாமல் உழைத்தது. அதைப் பெட்டி இல்லாமல் மேஜையில் வைத்திருந்தார்கள். அதனால்தான் உங்கள் கண் வேலை செய்தது.

வீட்டில் நல்ல நாள் பார்த்து, பாகங்களைச் சேர்த்து மெஷினைப் பூட்டினோம். கேபினெட்டுக்கு மூன்று பட்டை திருநீறும் சந்தனமும் வைத்தீர்கள். திருநீறு போட்டது காற்று இழுக்கிற பக்கம். விசிறி சுற்றியதும் பட்டை மொத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சாமியே உள்ள போயிருச்சு என்று சிரித்தீர்கள். நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு சாயங்காலம் எம். புதுப்பட்டியில் பாக்டரிக்கு வெளியே இருந்த பொட்டலில் படம் பிடித்தோம். ஒரு பெரியவர் கொளுத்திவிட்டு ஓடி வருவார், நீங்கள் கேமராவோடு நிற்பீர்கள். வேலை முடிந்து வேனுக்காக நின்ற பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். தினமும் கையால் பெட்டிக்குள் வைக்கிற சரக்கு மேலே போய் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்றாள் ஒருத்தி. நான் சொல்லி, கேமராவைக் கொஞ்ச நேரம் அவர்கள் பக்கம் திருப்பினீர்கள். எதற்கு என்று கேட்டீர்கள். இருக்கட்டும் என்றேன்.

பிறகு வேலை என்னுடையது. ஒவ்வொரு வெடியையும் வெட்டி, சத்தம் சேர்த்து, பெயர் போட்டு வைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்துச் சிடிக்கு ஏற்ற ஒரே படமாக ஆக்க வேண்டும். மெஷினுக்கு அதுதான் கடினமான வேலை, பலமணி நேரம் மூச்சுப் பிடித்து ஓட வேண்டும். ஓடவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் பொட்டென்று அணைந்தது. திரும்பப் போட்டேன். திரும்ப அணைந்தது. சோறு கொதிக்கிற நேரம் பார்த்து அடுப்பை அணைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நீல விளக்கு மட்டும் கடைசி நொடிவரை அழகாக எரிந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தீர்கள். வெயில் அதிகம் என்றார். மறுநாள் கரண்டு சரியில்லை என்றார். அதற்கு மறுநாள் வைரஸ் என்றார். மூன்றையும் நீங்கள் நம்பினீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.தான் காரணம் என்று நான் சொன்னதை மட்டும் நம்பவில்லை. ஒரு மத்தியானம் நானே அதைக் கழற்றிக் கையில் தூக்கினேன். கத்திரிக்காய் வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம், இதை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. காலித் தகர டப்பாவின் கனம்தான் இருந்தது. திறந்தால் உள்ளே பாதி இடம் சும்மா கிடந்தது. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும் என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீங்கள் அந்த வெள்ளிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அச்சுல ஒண்ணும் குத்தம் இல்லையே" என்றீர்கள். இப்படி ஒரு மனிதனோடு குடித்தனம் நடத்தியதற்கு எனக்கு யாராவது பிளக்ஸ் வைத்திருக்க வேண்டும்.

விருதுநகருக்கு ஒரு நடை போய் மாற்றிக்கொண்டு வந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். போகவில்லை. அந்தக் கடைக்காரர் முன்னால் போய், அட்டையைப் பார்த்து ஏமாந்தேன் என்று நிற்க உங்களுக்கு மனசு வரவில்லை. அதைவிட நான் திரும்ப மூலை நாற்காலிக்குப் போவது உங்களுக்குச் சின்ன விஷயமாக இருந்தது. அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு சிடிக்கு உறை டிசைன் போட்டீர்கள். வீடு பற்றி எரியும்போது வாசலில் கோலம் போடுகிற ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். கரண்டு குறைவாக இழுக்கட்டும் என்று நான் நீல விளக்கைப் பிடுங்கி எறிந்தேன். ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கேபினெட்டைத் திறந்துவைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி, நான் வியர்வையில் உட்கார்ந்தேன். ஒரு வெடி ஓடும், நிற்கும். அடுத்த வெடி ஓடும், நிற்கும். கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது பாதிதான் முடிந்திருந்தது.

பட்டாசு முதலாளியின் ஆபீஸ் விருதுநகரில் இருந்தது. நானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தேன். நீங்கள் உறையை நீட்டினீர்கள். இரண்டு கதவு மாதிரித் திறக்கும், நடுவில் தங்கத் தாள் ஒட்டி, வெடி வெடிக்கிற இடமெல்லாம் விரல் வைத்தால் மேடாகத் தெரியும். அழகாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அவர் அதைத் தடவினார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"ஏ அப்பா, கண்ணு கூசுதுல்லா. இதையே மொத்தமா அடிச்சிருங்க. வர்ற யாவாரி எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு."

"உள்ள பாதி ஐட்டந்தான் இருக்கு அண்ணாச்சி. போட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்தார். "என்ன சொல்லுது?" என்றார். மெஷின் ரிப்பேர், ஒரு வாரத்தில் முழுசாகத் தந்துவிடுகிறோம் என்று நீங்கள் இழுத்தீர்கள்.

"அது கெடக்கட்டும்யா. யாரு போட்டுப் பாக்கப் போறா? கடையில மேல தொங்கவிடுவான். இருக்குறதப் போட்டு அடிச்சுக் குடுங்க."

அந்த அறையில் டிவியும் இருந்தது, சிடி பிளேயரும் இருந்தது. அதன் மேல் யாரோ பூச்சாடி வைத்திருந்தார்கள். சிடி உறையை விட்டு வெளியே வரவே இல்லை. சீசன் முடிவதற்குள் வேறு கம்பெனிகளும் நம்மைத் தேடி வந்தன. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது அந்த மாதிரி உறை. வீடியோவும் கூட வருமாமே, வரட்டும் என்றார்கள். மூலை நாற்காலியிலிருந்து நான் தப்பித்துவிட்டேன், நான் கேவலமாக நினைத்த அட்டையால் தப்பித்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த உறைகளையும் நம்ம ஊரையும் உங்களையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். "வேலை கெடச்சிருச்சுல்லா, பெறகென்ன?" என்றீர்கள்.

"உங்க அட்டைக்குக் கெடச்சிருக்கு. நான் பண்ணுனத ஒரு நாதி பாக்கல."

ஆமத்தூரில் பஸ் நின்றதும் நீங்கள் எழுந்து இறங்கிவிட்டீர்கள். டீ குடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். பஸ் கிளம்பியது. கோபித்துக்கொண்டு இறங்கிய புருஷனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நானும் பார்க்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தீர்கள், கையில் பழுப்பு அட்டைப் பெட்டி. ஆமத்தூரிலிருந்து எதிர் பஸ் பிடித்து விருதுநகருக்குப் போய், அந்த மாடிப்படி ஏறி, அதை வாங்கி வந்திருந்தீர்கள். கடைக்காரர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. மேஜையில் வைத்துவிட்டு, "அட்டை கேவலமா இருக்கு. ஆனா கனமா இருக்கு" என்றீர்கள்.

அதைப் பூட்டினேன். மெஷின் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அணையவில்லை. மீதி வெடிகளையும் முடித்தேன். யாரும் கேட்கவில்லை, முதலாளிக்கு வேண்டியதில்லை, வடக்கத்தி வியாபாரிகள் ஊருக்கே போய்விட்டார்கள். வீம்புக்குத்தான் முடித்தேன். முழுப் படத்தையும் ஒரு சிடியில் எழுதி, உறை இல்லாமல் வெறுமனே டிவி மேல் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நீங்கள் அதைப் போட்டுத் தரையில் உட்கார்ந்தீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவீர்கள் என்று இருந்தேன், எழுந்திருக்கவில்லை. முதல் வெடியிலிருந்து கடைசி வெடிவரை பார்த்தீர்கள். பிறகு ஓர் இடத்துக்குத் திரும்ப ஓட்டி, இன்னொரு முறை பார்த்தீர்கள்.

"நல்லாருக்கு" என்றீர்கள்.

அச்சக முதலாளியும் சொல்கிற இந்த ஒரு வார்த்தையை நான் நம்பத் தயாராக இல்லை. "எது நல்லாருக்கு?" என்றேன், சண்டைக்குத்தான்.

"அந்தப் பேக்கிங் பொம்பளைக மொகம் வர்ற எடம். செவப்பு வெடி முடிஞ்சு அவுக மொகத்தக் காட்டுற. மொகம் செவப்பா இருக்கு, அப்படியே பச்சையாகுது. ஆனா வானத்த இன்னும் காட்டல. மேல பச்சை வெடிக்கிறது அவுக மொகத்துலதான் மொதல்ல தெரியுது. பெறகுதான் வானத்துக்குப் போற." விரலால் மேலே காட்டி, "அங்கன நான் மேல பாத்துட்டேன். டிவிங்கறத மறந்து நம்ம வீட்டுக் கூரையப் பாத்துட்டேன்" என்றீர்கள்.

அதைத்தான் செய்திருந்தேன். அந்த ஒரு வெட்டுக்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு ஃபிரேம் முன்னால் போனால் கெட்டது, பின்னால் போனால் கெட்டது. அது யாருக்கும் தெரியாது, யாரிடமும் நான் சொல்லவும் இல்லை. அன்றைக்கு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி நீங்கள் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகும் நீங்கள் எத்தனையோ பொருளை அட்டை பார்த்து வாங்கி ஏமாந்தீர்கள், நானும் வாய் ஓயாமல் திட்டினேன். ஆனால் நான் முடித்த ஒவ்வொரு படத்தையும் தரையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தீர்கள்.

இப்போதும் வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தில் நான் முதலில் பெண்ணின் அப்பா முகத்தை வைக்கிறேன். தாலி ஏறிவிட்டது என்று அந்த முகத்தில் தெரிந்த பிறகுதான் மணவறைக்குப் போகிறேன். "தாலி தெளிவா விழலையேக்கா" என்று பார்ட்டிகள் குறை சொல்கிறார்கள். ஆல்பத்தின் அட்டை பளபளப்பாக இருந்தால் அந்தக் குறையும் மறந்துவிடுகிறது. நான் மாற்றிக்கொள்ளவில்லை, இனி மாறப்போவதும் இல்லை. உங்களை மடையர் என்று எத்தனை முறை சொன்னேனோ அத்தனையும் நியாயம்தான், ஒன்றையும் நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்த அந்த ஒரு மடையரை அனுப்பிவிட்டு, பார்க்கத் தெரியாத கெட்டிக்காரர்களுக்கு நான் படம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.